முப்பத்தொன்றாம் எண் கண்ணாடி

பிப்ரவரி 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன். போனில் என்றால் உங்கள் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

என் பையில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒரு சாண் நீளக் கம்பி, அதன் நுனியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கண்ணாடி. பல் டாக்டரிடம் இருக்குமே, அது போல. கையும் கண்ணும் போகாத இடத்துக்குள் விட்டுப் பார்ப்பதற்கானது. நீங்களும் அப்பாவும் அதைப் பல் கண்ணாடி என்றுதான் சொல்வீர்கள். எங்கள் ஷெட்டில் இப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கும் சரக்கு விமானத்தின் வாலுக்குள், கடைசிச் சட்டத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே அது செருகிக் கிடந்தது. நீங்கள் இருவரும் மெக்கானிக்காக இருந்த அதே விமானம். தரையில் மோதிய பிறகு யாரும் பழுது பார்க்காமல், முப்பத்தாறு வருடம் மைதானத்து ஓரத்தில் புல்லுக்குள் கிடந்தது.

ரிவெட்டுகளை எடுத்துத் தகட்டைக் கழற்றியபோது அது என் மடியில் விழுந்தது. முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு பல் கண்ணாடி தொலைந்ததற்காக அப்பாவை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். கைப்பிடியைத் துடைத்தேன். 46 என்று இருக்கும் என்று நினைத்தேன். அந்த எண் எனக்கு மறக்காது. பம்பு ரிப்பேர் கடைச் சாமான் போதாதென்று வீட்டுக் கரண்டிகளிலும் அப்பா 46 என்று குத்தி வைத்திருந்தார். "நல்லவேளை, என் நெத்தியில குத்தாம விட்டாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கைப்பிடியில் 31 என்று இருந்தது.

அது யாருடைய எண் என்று உங்களிடம் கேட்கத்தான் வந்தேன். வேறு எதுவும் மனதில் இல்லை. நீங்கள் டீ போட எழுந்து போனீர்கள். நான் கட்டிலுக்கு அடியில் தள்ளிப்போன செருப்பைக் குனிந்து தேடினேன். அங்கே உங்கள் பழைய டூல் பாக்ஸ் இருந்தது, மேலே செய்தித்தாள் அடுக்கு. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 31.

டீயைக் குடித்தேன். "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டீர்கள். "வால் பகுதி முடியப்போகுது" என்றேன். "வால் முடிஞ்சா பாதி முடிஞ்ச மாதிரி" என்றீர்கள். பஸ் நிறுத்தம்வரை வந்து நின்றீர்கள். பஸ் திரும்பும்வரை கையசைத்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு விதி உண்டு. விமானத்துக்குள் எது கிடைத்தாலும், சீப்பானாலும் பொத்தானாலும், அன்றைக்கே பதிவேட்டில் எழுத வேண்டும். கண்ணாடி கிடைத்துப் பதினொரு நாளாகிறது. இன்னும் எழுதவில்லை.

ஏப்ரல் 21 அன்று விழா. அந்த விமானத்தில் பணி செய்தவர்களின் பெயர்களை விமானியின் ஜன்னலுக்குக் கீழே எழுதப் போகிறார்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. குற்றம் சாட்டி அனுப்பப்பட்டவர்களுக்கு இடமில்லை என்பது கமிட்டியின் விதி. அதனால் அப்பா பெயர் இல்லை. மார்ச் கடைசியில் பட்டியல் பெயிண்டரிடம் போய்விடும்.

என்ன நடந்தது, பெரியப்பா?

உங்கள் பாப்பா

பிப்ரவரி 17

பாப்பாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. நலம். முழங்கால் பரவாயில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிடுகிறேன் என்றார். விமானத்தையே மேலே அனுப்பினவனுக்கு இது ஒரு வேலையா என்று நானே ஏறிச் சரி செய்தேன். இறங்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

31 என் எண்தான். மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ தொலைந்தது, எத்தனையோ கிடைத்தது. ஒருத்தன் சாமான் இன்னொருத்தன் பாக்ஸுக்குப் போவது சகஜம். இப்போது கிளறினால் கைதான் அழுக்காகும். பதிவேட்டில் 'பழைய கண்ணாடி ஒன்று' என்று எழுதிவிடு. எண்ணையும் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதா என்ன?

தம்பி போய் ஒன்பது வருடம் ஆகிறது. செத்தவனுக்குப் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன. இருந்தபோதே அவன் அதைக் கேட்டதில்லை.

அடுத்த முறை வருவதற்கு முன் ஒரு வரி எழுது. அன்றைக்கு டீத்தூள் தீர்ந்துவிட்டது. டப்பாவைத் தட்டிப் போட்ட டீ அது. அதனால்தான் நன்றாக இல்லை.

பெரியப்பா

பிப்ரவரி 24

பெரியப்பாவுக்கு,

எண்ணையும் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. இன்று எழுதிவிட்டேன். வரிசை எண் 118. 'பார்வைக் கண்ணாடி ஒன்று, கைப்பிடியில் 31.' கிடைத்த தேதி, எழுதிய தேதி இரண்டையும் உள்ளபடியே போட்டேன். எங்கள் ஷெட் தலைவர் (மீசையை எடுத்துப் பத்து வருடமாகியும் அவர் எல்லோருக்கும் 'மீசை'தான்) இரண்டு தேதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபத்தாறு நாளா இது எங்கம்மா இருந்துச்சு?"

"என் பையில."

"பையில வச்சா குஞ்சு பொரிக்கும்னு பாத்தியா?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அப்பாவை நீக்கிய உத்தரவை வீட்டில் தேடி எடுத்தேன். நாலாக மடித்த இடங்களில் கிழிந்திருந்தது. 'பெட்டி எண் 46. மாலைக் கணக்கில் கண்ணாடி ஒன்று குறைவு. ஊழியர் அன்று சக்கரங்களில் வேலை செய்ததால் சக்கர அறைகள் சோதிக்கப்பட்டன. கிடைக்கவில்லை.' அதற்குக் கீழே, மறுநாள் தரையிறங்கும்போது மூக்கு மேலே எழாமல் விமானம் மோதியதும், ரேடியோ இயக்குபவர் ஒரு காலை இழந்ததும். கடைசி வரி: 'தொலைந்த கருவி காரணமாக இருக்கலாம்.'

வாலுக்குள் விழுந்தது 31 என்றால், கணக்கில் குறைந்தது ஏன் 46? இதைக் கேட்க நான் இவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை.

அந்த ரேடியோக்காரர் இப்போதும் புதன்கிழமைதோறும் ஷெட்டுக்கு வருகிறார். செயற்கைக் காலை நீட்டி வைத்து உட்கார்ந்துகொண்டு, "என் கால் எங்கயாச்சும் கெடச்சா நோட்டுல எழுதிடும்மா, நம்பர் போட மறந்துட்டேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் ஒரே ஒரு வார்த்தையைத்தான் பயன்படுத்துவார். அதை இங்கே எழுத மாட்டேன். நான் குனிந்து ரிவெட் அடித்துக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோபத்தோடு எழுதும்போதும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் கண்ணாடி, மூக்கைத் தூக்கும் வால் கேபிளுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதன் மேல் ஒரு உராய்வுகூட இல்லை. அந்தக் கேபிள் ஓடும் கப்பிதான் இறுகியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் மட்டும் கேபிள் அறுத்து ஆழமாகக் குழி விழுந்திருக்கிறது. கப்பி சுற்றாமல் நிற்க, அதன் மேல் கேபிள் இழுபட்டால்தான் அப்படி ஆகும். மைதானத்தில் கிடந்து வந்த துரு இல்லை. "மோத வச்சது இதுதான்" என்றார் மீசை. ஆகவே யாருடைய கண்ணாடியாக இருந்தாலும், அது யார் காலையும் எடுக்கவில்லை.

மார்ச் 8

பாப்பாவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அப்படியே அனுப்புகிறேன்.

அந்தக் கண்ணாடி கேபிளில் சிக்கித்தான் விமானம் மோதியது என்று முப்பத்தாறு வருடம் நம்பியிருந்தேன். இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தேன். யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. செருப்புக் கடையில் நுழைந்து, வாங்காமல், விலை மட்டும் விசாரித்தேன். திரும்பி வரும்போதுதான் கப்பி என்று நீ எழுதியது மண்டையில் ஏறியது.

அன்றைக்கு நான் வாலுக்குள் ஊர்ந்து போனதே அந்தக் கப்பியைப் பார்க்கத்தான். அது நேராகத் தெரியாது. கண்ணாடியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். கை வியர்த்து நழுவிவிட்டது. கீழே எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. விளக்கடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கண்ணாடி இல்லாமல் கப்பியும் தெரியவில்லை. வெளியே வந்து 'சோதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். போன வாரம் நன்றாகத்தானே இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். போன வாரம் பார்த்தவன் நான்கூட இல்லை.

எனவே நீ அனுப்பிய நல்ல சேதியை நான் வைத்துக்கொள்ள முடியாது. திருப்பி அனுப்புகிறேன்.

மீதியையும் கேள். எனக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்தது. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பி மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கணக்கு எடுக்கும் நேரம். அவன் கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தான். அவன் பாக்ஸ் திறந்திருந்தது. அவன் கண்ணாடியை எடுத்து என் பாக்ஸில் வைத்தேன். காலையில் வாலுக்குள் போய் என்னுடையதை எடுத்து, அவன் இடத்தில் வைத்துவிடலாம் என்று திட்டம். அவனுக்கு ஒரு எச்சரிக்கை வந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பாக்ஸுக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்தில் ஒரு குழி இருக்கும். ஸ்டோர்காரர் குழி நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். "இருக்கு, இருக்கு, இருக்கு" என்று ஏலம் விடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். சாமான் ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தோம். அதை ஒரு நாளும் யாரும் படித்ததில்லை. என் பாக்ஸ் சரியாக இருந்தது. தம்பி பாக்ஸில் ஒரு குழி காலி.

அவன் காலிக் குழியைப் பார்த்தான். பிறகு என் பாக்ஸைப் பார்த்தான். கைப்பிடி வெளிச்சத்தின் பக்கம் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு 46 தெரிந்தது. அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"இன்னைக்கு எங்கடா வேலை பாத்த?" என்று ஸ்டோர்காரர் கேட்டார்.

"சக்கரத்துல, சார்" என்றான் உன் அப்பா. அவ்வளவுதான்.

எல்லோரும் சக்கரத்தில் தேடினார்கள். நானும் தேடினேன். அங்கே இருக்காது என்று தெரிந்துகொண்டே மண்டி போட்டுத் தேடினேன், பாப்பா. வாலில் தேடியிருந்தால் கண்ணாடி கிடைத்திருக்கும். யாராவது ஒருத்தன் கப்பியையும் பார்த்திருப்பான். காலையில் நான் போவதற்கு முன்பே விமானம் கிளம்பிவிட்டது.

அவன் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், "அண்ணே, நீங்க மொதல்ல தூக்குங்க" என்று உன்னை நீட்டினான். கையெல்லாம் எண்ணெய் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு லீவு. கையில் எண்ணெய் இல்லை.

கமிட்டிக்குத் தனித்தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கப்பியையும் எழுதியிருக்கிறேன். 46 கண்ணாடி பார்சலில் வரும். அதை ஒரு நாளும் நான் வேலைக்கு எடுத்ததில்லை. ஓய்வு பெறும்வரை அடுத்தவர்களிடம் இரவல் வாங்கியே ஓட்டினேன். "சொந்தமா ஒண்ண வச்சுக்கிட்டு ஏண்டா ஊரான்கிட்ட கை நீட்டுற?" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பெரியப்பா

மார்ச் 21

பெரியப்பாவுக்கு,

பார்சல் வந்தது. பதிவேட்டில் எழுதியாயிற்று. உங்கள் வாக்குமூலத்தைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. அப்பாவின் பெயர் எழுதப்படும். உங்கள் பெயர் இருக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் வெகுநேரம் வாதாடினார்கள். முடிவாகவில்லை.

நேற்று புதன்கிழமை. ரேடியோக்காரரிடம் முதலில் நான் யார் மகள் என்று சொன்னேன். பிறகு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கப்பி வந்த இடத்தில் மட்டும் "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தாறு வருசமா உங்கப்பனத் திட்டியிருக்கேன். அத்தனையும் திருப்பி எடுத்துக்கணும்னா எனக்கு இன்னொரு ஆயுசு வேணும்."

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்த ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"தனியா இருக்காரு."

"ம். நானும்தான்" என்றார். வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட்டார். அடுத்த புதன் வருவாரா என்று தெரியவில்லை.

உங்கள் மேல் எனக்கு இருப்பது என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கப்பியைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது வேறு. அப்பாவுக்குத் தெரியும் என்பதுதான். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். தினமும் கடையைப் பூட்டும்முன் சாமான்களை வரிசையாக வைத்து இரண்டு தடவை எண்ணுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் உங்களைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கேட்பதற்கும் இப்போது யாருமில்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கும் தெரியாது.

ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

கமிட்டிக்காரர்கள் வாதாட வேண்டியதில்லை. என் பெயரை எடுத்துவிடச் சொல்லி நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

ரேடியோக்காரர் புதன்கிழமை வந்தாரா?

விழா அன்று இன்ஜினை ஓட்டிக் காட்டுவார்களா, இல்லை சும்மா நிறுத்தி மாலை போடுவதோடு சரியா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

தொட்டி மறுபடி ஒழுகுகிறது. இந்தத் தடவை பிளம்பர்.

பெரியப்பா

ஏப்ரல் 8

பெரியப்பாவுக்கு,

ரேடியோக்காரர் ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் வந்தார். காலைப் பற்றிய பகடியை மட்டும் விட்டுவிட்டார்.

இன்ஜின் இரண்டையும் ஓட்டுகிறார்கள். காலை பதினொரு மணி, பத்து நிமிடம். போன வாரம் முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது ஷெட் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் போய்விட்டன, இன்னும் திரும்பவில்லை. பெயிண்டர் சாரம் கட்டிவிட்டார். அழைப்பிதழ் அனுப்பும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக முகவரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விழா முடிந்ததும் எழுதுகிறேன்.

பாப்பா

ஏப்ரல் 23

பெரியப்பாவுக்கு,

விழா முடிந்தது. அப்பாவின் பெயர் மேலிருந்து பதினொன்றாவது. பெயிண்டர் எல்லா எழுத்தையும் ஒரே அளவில்தான் எழுதியிருக்கிறார். எனக்கு மட்டும் அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்திருப்பாள். நான் தொடவில்லை, பெயிண்ட் காய்ந்துதான் இருந்தது. ரேடியோக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். பெயர்களைப் படித்தபோது எல்லோருக்கும் தட்டியதைப் போலவே அப்பாவுக்கும் கை தட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "உங்க பெரியப்பா வரலயா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அப்போது மணி பத்தே முக்கால் இருக்கும்.

நேற்று காலை வேலைக்குப் போனபோது கேட் காவலாளி என்னை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ஒரு பெரியவர் வந்தாராம். வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"அழைப்பு இருக்கான்னு கேட்டேன், இல்லன்னாரு. லிஸ்ட்ல பேரு இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு, இப்ப இல்லன்னாரு. அது என்னங்க இருந்துச்சு, இப்ப இல்ல? உள்ள யாரையாச்சும் கூப்பிடவான்னேன். வேணாம், வேலையா இருப்பாங்கன்னு சொல்லிட்டாரு. நாற்காலி போட்டேன். உக்காரல."

பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. முகவரி எழுதும்போதே எனக்குத் தெரியும். வேறு தாளில் உங்கள் முகவரியை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜின் ஓடுமா என்று நீங்கள் கேட்டது எதற்கென்றும் தெரியும். மணியை எழுதினேன். வாருங்கள் என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். மறக்கவில்லை.

இன்ஜின்கள் ஓடிய பத்து நிமிடமும் நீங்கள் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றீர்களாம். அங்கிருந்து பார்த்தால் விமானம் தெரியாது. ஷெட்டின் பின்சுவர்தான் தெரியும். ஓசை நின்றதும், "இடது இன்ஜின்ல ஒரு சிலிண்டர் சரியா எரியல, உள்ள சொல்லிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தீர்களாம். கூட்டத்தில் அவர் அதை மறந்துவிட்டார்.

நேற்று மத்தியானம் இடது இன்ஜினின் மூடியைத் திறந்தோம். ஐந்தாவது சிலிண்டரின் பிளக் கரி பிடித்திருந்தது. மாற்றிவிட்டோம்.